வாடகை இல்லை என்று எழுதினேன்

அன்று அந்த முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். என் கணவர் தங்கராஜ், கொத்தனார். எங்கள் மகள் அனிதா. வீட்டு ஓனர் சுகுமாரன் சார், சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ரமணி சேச்சி. வீடு பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் தாசன்.

எண்ணிச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த ஆறு பேரில் இரண்டு பேருக்கு இப்போது அந்த நாளே ஞாபகம் இல்லை. சுகுமாரன் சாரிடம் கேட்டால், "அப்படியும் ஒரு நாள் உண்டாயிருந்ததா?" என்கிறார். தாசன் அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தானாம். மூன்றாவது ஆள் ரமணி சேச்சி, ஊரார் முன்னால் வாயே திறப்பதில்லை. மிச்சம் நாங்கள் மூன்று பேர். எங்கள் பேச்சை யார் எடுப்பார்கள்?

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிப் பக்கம். சமையல்கட்டில் சாளை மீன் பொரிகிற மணம். தலைக்கு மேல் ஃபேன், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக் என்று முட்டிக்கொண்டு ஓடியது. டீப்பாயில் ஐந்து கிளாஸ் பாலில்லாத கட்டன் சாயா. அனிதா மட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். கிளாஸ்களுக்கு நடுவில் ஒரு முத்திரைத்தாள்.

என் மடியில் ஜவுளிக்கடைப் பை ஒன்று. அதற்குள் எங்கள் வீட்டுக் காகிதங்கள் அத்தனையும்.

எனக்கு அப்படி ஒரு சுபாவம். எந்த ஆபீசுக்குப் போனாலும், எந்தப் பெரிய மனிதரைப் பார்க்கப் போனாலும், எதைக் கேட்பார்களோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போவேன். ரேஷன் கார்டு கேட்கிற இடத்தில் அனிதாவின் மஞ்சள் காமாலை மருந்துச் சீட்டு வரை இருக்கும். ஏழாம் வகுப்புப் பாதியில் முந்திரி ஆலைக்குப் போனவள் இந்த ராணி. காகிதம் என்றாலே பயம். கையில் இருந்தால் கொஞ்சம் தைரியம்.

அந்தத் தைரியம்தான் அன்றைக்கு எங்களைக் கவிழ்த்தது.

பணயம்

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால்தான் மேலே புரியும். திருவனந்தபுரத்தில் வாடகைக்கு வீடு கிடைப்பது ஒரு வழி. பணயத்துக்கு எடுப்பது இன்னொரு வழி. நம்ம நாஞ்சில் நாட்டில் ஒத்தி என்போமே, அதுதான். மொத்தமாக ஒரு தொகையை ஓனர் கையில் கொடுத்துவிட வேண்டும். மாத வாடகை கிடையாது. இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ கழித்து வீட்டை விடும்போது கொடுத்த தொகையை அப்படியே திருப்பித் தருவார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். எங்களைப் போல ஆட்களுக்கு மாதம் பிறந்தால் வாடகை என்ற பயம் இல்லை. ஓனருக்கு வட்டி இல்லாமல் கைநிறையப் பணம்.

நாங்கள் கொடுத்தது மூன்று லட்சம். என் தாலிச் சங்கிலி, இரண்டு வளையல், என் கணவருக்குக் கிடைத்த பங்கு நிலத்தை விற்ற காசு, நான் சாலை பஜார்க் கடையில் மிளகாயும் மல்லியும் புடைத்துப் பொட்டலம் கட்டிச் சேர்த்த சீட்டுப் பணம். எல்லாம் சேர்ந்து மூன்று லட்சம். வேறு சொத்து எங்களுக்கு இல்லை.

கரமனைப் பாலம் தாண்டித் தெற்கே போகிற வழியில் ஒரு சின்ன டவுன். பேரை எழுதவில்லை. ஆட்களின் பேரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்பதை நீங்களே பின்னால் தெரிந்துகொள்வீர்கள். சுகுமாரன் சாரின் வீட்டுக்குப் பின்பக்கம் இரண்டு அறை, ஒரு அடுக்களை, ஷீட் போட்ட குளியலறை. மழை பெய்தால் உள்ளே பேசுவது கேட்காது.

மூன்று வருஷம் முடிகிற சமயத்தில் சார் சொன்னார்: "மேசிரி, இனி இருக்கணும்னா அஞ்சு லட்சம். மார்க்கெட் ரேட் அதாணு."

இங்கே கொத்தனாரை மேசிரி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மேசிரி அந்த வருஷம் சாரத்தில் இருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டுக் கிடந்தார். வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போனால் பெரிது.

எத்தனை ஆளு?

வீடு தேட ஆரம்பித்தோம். சாலையில் வேலை முடிந்ததும் மிளகாய் நெடி போகாத கையோடு நானும் தாசனும் அலைவோம். தாசனுக்குப் பைக் உண்டு. நான் பஸ்ஸில் போய் இறங்கிக் காத்திருப்பேன்.

எல்லா வீட்டிலும் முதல் கேள்வி "எத்தனை ஆளு?" இரண்டாவது, "தமிழாளுகளா?" மூன்றாவது கேள்வி கேட்கிறவர்கள் குறைவு. கேட்டவர்களும் ஒன்பதாயிரம், பத்தாயிரம் என்றார்கள். அட்வான்ஸ் ஐம்பதாயிரம்.

ஒரு வீட்டில் அந்த அம்மா என்னை வாசலில் நிறுத்திவிட்டுத் தாசனிடம் மலையாளத்தில் சொன்னாள்: இவர்களுக்குக் கொடுத்தால் ஊரில் இருந்து பத்துப் பேர் வந்து தங்குவார்கள், செப்டிக் டேங்க் நிறைந்துவிடும். எனக்கு மலையாளம் தெரியாது என்று நினைத்தாள். பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன்.

"சேச்சீ, ஞங்ஙள் மூணு பேரே உள்ளூ," என்றேன். அவள் முகம் போன போக்கு! வீடு கிடைக்கவில்லை. சொன்னது மட்டும்தான் மிச்சம்.

இந்த ஊர் செப்டிக் டேங்கையெல்லாம் கட்டினதே எங்கள் ஆட்கள்தான் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. தேவையான பதில் எனக்கு எப்போதும் பஸ்ஸில்தான் தோன்றும்.

எட்டாவது கட்டம்

அப்போதுதான் அனிதா அந்தச் செய்தியைக் கொண்டு வந்தாள். நகரசபை, பழைய சந்தை இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் கட்டியிருந்தது. கூலி வேலைக்காரக் குடும்பங்களுக்குச் சகாய வாடகையில் வீடு. ஒரு படுக்கை அறை, ஒரு ஹால், அடுக்களை. மாதம் இரண்டாயிரம்.

இரண்டாயிரம்! நமக்கெல்லாம் கிடைக்காது என்ற பயம் ஒரு பக்கம். கிடைத்துவிட்டால் என்ன வம்பு வருமோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

ரேஷன் கார்டை நாங்கள் முன்னமே இந்தப் பக்கம் மாற்றியிருந்தோம். அதனால் மனுப் போட முடிந்தது. படிவம் மலையாளத்தில் இருந்தது. அனிதா நிரப்பினாள். எட்டாவது கட்டத்தில், இப்போது கொடுக்கும் மாத வாடகை எவ்வளவு என்று கேட்டிருந்தது.

"அம்மா, இதில எத்ர எழுதணும்?"

"நாமதான் வாடகையே குடுக்கலியேட்டி. இல்லைன்னு எழுது."

உள்ளதைத்தான் சொன்னேன். ஆபீஸ் காகிதத்தில் பொய் எழுதினால் ஜெயில் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்து மனுத் திரும்பி வந்தது. கவுண்டரில் இருந்த மேடத்திடம் கேட்டேன். வயது என் வயதுதான் இருக்கும். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன்.

"நிங்ஙள் வாடகை இல்லன்னு எழுதியிருக்கு. வாடகையே கொடுக்காத ஆளுக்குச் சகாய வாடகை எந்தினா? வருமானத்தில மூணில் ஒரு பாகம் வாடகைக்குப் போற ஆளுகளுக்காணு இது."

"மேடம், மூணு லட்சம் பணயம் குடுத்திருக்கோம். எங்க முழுச் சொத்தும் அங்கதான் கிடக்கு."

"அப்போ கையில மூணு லட்சம் உள்ள ஆளா?" என்று சிரித்தாள். பக்கத்து நாற்காலிக்காரரும் சிரித்தார். 

கையில் இருந்தால் நான் ஏன் அந்த ஜன்னல் முன்னால் நிற்கிறேன்? பணம் சுகுமாரன் சாரிடம் இருக்கிறது. அதை வைத்துத்தான் அவர் மகன் கப்பலேறி வெளிநாடு போனான். ஆனால் காகிதத்தில் பணக்காரி நான்.

என் முகத்தைப் பார்த்து மேடத்துக்கே பாவமாகிவிட்டது போல. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஓனர்கிட்ட ஒரு வாடகைச் சீட்டு எழுதி வாங்கிட்டு வாங்க சேச்சி. எல்லாரும் அப்படித்தான் கொண்டுவர்றாங்க."

ஆபீஸுக்கு வேண்டி மாத்திரம்

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறு பேரும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம்.

தாசன் கொண்டுவந்த முத்திரைத்தாளில் போன வருஷத்துத் தேதி இருந்தது. பழைய தேதித் தாள் எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. பதினோரு மாத வாடகைச் சீட்டு. மாத வாடகை ஆறாயிரம். அட்வான்ஸ் முப்பதாயிரம்.

"மூணு லட்சம்னு இதில இல்லையே சாரே?" என்று கேட்டேன்.

சார் சிரித்தார். "ராணிக்கு எப்பவும் பயமாணு. இது ஆபீஸுக்கு வேண்டி மாத்திரம். நமக்குள்ளே உள்ளது நமக்குத் தெரியுமல்லோ. இல்லே மேசிரி?"

"அது தெரியாதா சாரே," என்றார் என் கணவர்.

கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். தாசன் சாட்சி.

பேனாவை மூடிக்கொண்டே சார் கேட்டார்: "பழைய பணயப் பத்திரம் எவிடே? ஒரே வீட்டுக்கு ரெண்டு பத்திரம் வெளியில இருந்தா, ஆபீஸில கண்டுபிடிச்சா, ரெண்டு பக்கத்தாரும் உள்ளே போகணும்."

உள்ளே போகணும் என்ற வார்த்தை போதும் எனக்கு. வீட்டில் இருக்கிறது, பிறகு தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆயிரம் தடவை அதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன், பஸ்ஸில். ஆனால் அன்று பத்திரம் என் மடியில் இருந்தது. பையை நான் திறப்பதை எல்லாரும் பார்த்தார்கள்.

அனிதா என் முழங்கையைப் பிடித்தாள். "அம்மா, அது கொடுக்கண்டா, வேண்டாம்."

"ஏட்டி, பெரியவங்க பேசுத இடத்துல நீ சும்மா இரி," என்றார் அவள் அப்பா.

"கொச்சு வல்லிய வக்கீலாணல்லோ," என்றான் தாசன். பெரிய வக்கீல் என்று அர்த்தம். ஆண்கள் மூன்று பேரும் சிரித்தார்கள்.

சார் பத்திரத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரமணி சேச்சி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். என் சாயா அப்படியே இருந்தது.

உலகத்தில் உள்ளதற்கெல்லாம் பயப்படுகிறேன். கேஸ் குழாய், நாய், மகள் வர ஐந்து நிமிஷம் தாமதமானால் அது. பயப்பட வேண்டிய ஒரே இடத்தில் சார் நல்ல மனுஷர் என்று எழுந்து வந்தேன்.

கணக்கு

அந்தச் சீட்டோடு மறுபடி மனுப் போட்டோம். எட்டாவது கட்டத்தில் ஆறாயிரம். உண்மையை எழுதினபோது துரத்தினவர்கள், பொய்யை எழுதினதும் கையெழுத்து, முத்திரை எல்லாம் குத்தி வாங்கி வைத்தார்கள். சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இரண்டாம் மாடியில் வீடு ஒதுக்கியாகிவிட்டது. பதினைந்து நாளில் முழுக் குடும்பமும் குடியேற வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நானும் அவரும் சாரிடம் போனோம். கூடவே கால் கிலோ அல்வா வாங்கிப் போனேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கொதிக்கிறது.

"வளரெ சந்தோஷம்," என்றார் சார். அல்வாவை வாங்கி வைத்துக்கொண்டார்.

"பணம் சாரே…" என்று இழுத்தார் என் கணவர்.

சார் அலமாரியைத் திறந்து வாடகைச் சீட்டின் நகலை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போல நிதானமாகச் சொன்னார்.

"இதில உள்ளபடி மேசிரி தந்த அட்வான்ஸ் முப்பதாயிரம். மாச வாடகை ஆறாயிரம். பதினோரு மாசத்துக்கு அறுபத்தாறாயிரம். வாடகை தந்ததுக்கு ரசீது ஏதாவது உண்டா? இல்லை. அப்போ நிங்ஙள் எனக்கு முப்பத்தாறாயிரம் தரணும்." கண்ணாடியைக் கழற்றினார். "அதை நான் கேட்கல. நம்ம ஆளுகளல்லே. விட்டுட்டேன்."

விட்டுவிட்டாராம்!

என் கணவருக்கு முதலில் விளங்கவில்லை. "சாரே, அது ஆபீஸுக்கு எழுதின சீட்டுல்லா?"

"ஆபீஸுக்குப் பொய் எழுதிக் கொடுத்தோம்னு மேசிரி வெளியில சொல்லுவாரோ?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. மலையாளத்தில் தொடங்கி எங்கள் ஊர்த் தமிழில் முடித்தேன். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். சார் அசையவில்லை. பணம் இல்லை, மகன் அனுப்பட்டும், பொறுங்கள் என்று சொல்லியிருந்தால்கூட என் கோபம் பாதியாகி இருக்கும். அவர் எங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

மறுவாரம் அனிதா என்னைக் கோர்ட்டுப் பக்கம் இலவசமாக ஆலோசனை சொல்கிற ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப் போனாள். பழைய பத்திரத்தை அவள் எப்போதோ போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. வக்கீலம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கையெழுத்துத் தெளிவாயிருக்கு. கேஸ் போடலாம். பக்ஷே, போட்டா வாடகைச் சீட்டு பொய்னு நிங்ஙள்தான் சொல்லணும். சொன்னா நகரசபை வீடு போகும். பொய்ச் சீட்டு கொடுத்ததுக்கு வேற கேஸும் வரலாம்."

"அப்ப அந்த ஆளுக்கு?"

"அவருக்கும் வரும். பக்ஷே அவருக்கு இருக்க வீடு உண்டல்லோ."

திரும்பி வரும்போது அனிதா பஸ்ஸில் அழுதாள். நான் அழவில்லை. எனக்குப் பல் வலித்தது. அத்தனை நேரம் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இரண்டு வீட்டுக் குடும்பம்

பணயத்தில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு. பணம் கைக்கு வராமல் வீட்டை விட்டு இறங்கக் கூடாது. சாவி கையில் இருக்கிற வரைதான் மரியாதை. கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

நகரசபையின் விதி வேறு. பதினைந்து நாளில் போகாவிட்டால் வீடு இல்லை.

"நீயும் பிள்ளையும் போங்க. நான் இங்க கிடக்கேன்," என்றார் என் கணவர். "இடுப்பு வலிக்காரனைத் தூக்கியா வெளியில போடுவாரு? பாத்துருவோம்."

அப்படித்தான் நானும் அனிதாவும் சந்தை மாடிக்கு வந்தோம். புதுப் பெயிண்ட் வாசனை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. சந்தோஷப்பட வேண்டிய நாள். ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு ஸ்டவ் குறைவாகச் சாமான் இறக்கினேன்.

சார் முதல் வாரமே பின்பக்கத்துக்கு மோட்டார் தண்ணீர் விடுவதை நிறுத்தினார். என் கணவர் இங்கிருந்து இரண்டு கேன் பிடித்துப் பஸ்ஸில் கொண்டுபோகிறார். பணயத்துக்கு எடுத்த வீட்டுக்கு, சகாய வாடகை வீட்டில் இருந்து குடிதண்ணீர்.

நகரசபையில் இருந்து பார்க்க வந்தார்கள். அதே கவுண்டர் மேடம், கூட ஒருவர்.

"குடும்ப நாதன் எவிடே?"

"வேலைக்குப் போயிருக்காரு மேடம்."

"போன தடவை வந்தப்பவும் இதாணல்லோ சொன்னது?"

"கொத்தனார்தானே மேடம், கான்கிரீட்னா வர நேரமாகும்."

கொடியில் அவருடைய சட்டை இரண்டு எப்போதும் காய்கிற மாதிரி போட்டு வைத்திருக்கிறேன். மேடம் சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நோட்டில் ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று இன்றுவரை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவர் வருவார். முகச்சவரம் செய்துகொண்டு வராந்தாவில் பேப்பரோடு உட்காருவார். எல்லார் கண்ணிலும் பட வேண்டுமே. ஒளிந்து வாழ வேண்டிய என்ன தப்பு செய்தோம் நாங்கள்? எங்கள் பணத்தை நாங்கள் கேட்டோம், அவ்வளவுதான்.

பின்பக்கம் காலியாகாததால் சாருக்கு அடுத்த பணயக்காரர் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாசனிடம் முப்பதாயிரம் கொடுத்தனுப்பினார். சீட்டில் எழுதியிருக்கிற அட்வான்ஸ், இனி சாவியைக் கொடு என்று. என் கணவர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். சாவியைக் கொடுக்கவில்லை. "மீதியைக் கொண்டுவா, மருமகனே, சேத்துத் தாறேன்," என்றாராம். முறை எதுவும் இல்லாத தாசனுக்கு அவர் மாமனாரானது அன்றைக்குத்தான்.

போன மாதம் ஒரு மத்தியானம், சாலைக் கடையில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ரமணி சேச்சி நின்றார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. அரைக் கிலோ மல்லி கேட்டார். பொட்டலத்தை நீட்டினேன். காசு கொடுக்கிற மாதிரி ஒரு கவரை என் கையில் வைத்து அழுத்தினார்.

"பதினஞ்சுண்டு. எனக்கு வர்ற பென்ஷன்ல போட்ட சீட்டுக் காசு. நான் தந்ததா ஆரோடும் சொல்லண்டா."

"சேச்சி அன்னைக்கு அங்க இருந்தீங்கல்லா?" என்று கேட்டேன். "என் பத்திரத்தை அவர் வாங்கிச் சட்டைப் பையில வச்சதைப் பாத்தீங்கல்லா?"

"கண்டு," என்றார். ஒரே வார்த்தை. திரும்பிப் போய்விட்டார்.

நான் நன்றி சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றார், இதோ ஊருக்கே எழுதிவிட்டேன். அந்த அறையில் இருந்த ஆறு பேரில் நான்காவதாக ஒருவர் நடந்தது நிஜம் என்று சொல்லியிருக்கிறார். அதை என்னால் வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்க முடியாது.

மூன்று லட்சத்தில் தாசன் கையால் வந்தது முப்பதாயிரம், சேச்சி கையால் வந்தது பதினைந்தாயிரம். என் கணவர் இன்றைக்கும் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறார். சுகுமாரன் சார் எங்களுக்கு இன்னும் தர வேண்டியது இரண்டு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய்.